கரையில்லாக் குளங்கள்

சென்ற ஆண்டு கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது என் வகுப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த மாணவன் மே மாதத்தில் நண்பர்களோடு ஊருக்கு வெளியே இருக்கும் பாறைக்குழிக்குக் குளிக்கப் போனவன், திரும்பவில்லை. ஜல்லிக்காகக் கருங்கல் உடைத்துவிட்டுக் கைவிட்ட குழிகளை எங்கள் பக்கத்தில் பாறைக்குழி என்பார்கள். மற்ற மாவட்டங்களில் கல்குவாரிக் குட்டை என்றால் புரியும். வகுப்பு முடிந்ததும் அவனுடைய ஊர்க்காரப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். "சார், அவன் ஆறு வயசுலயே கிணத்துல நீச்சல் பழகினவன். எனக்கே அவன்தான் கத்துக் கொடுத்தான். நீச்சல் தெரிஞ்சவன் எப்படி சார் மூழ்குவான்?" என்று கேட்டான்.

அன்று நான் ஏதோ பதில் சொன்னேன். அது எனக்கே திருப்தியாக இல்லை. பிறகு இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, கேள்விக்கு விடை மிகத் தொலைவில், பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் உள்ள வேல்ஸ் நாட்டில் கிடைத்தது. அங்கே கைவிடப்பட்ட சிலேட்டுச் சுரங்கக் குழிகள் நீர் நிரம்பிக் கிடக்கின்றன. அவற்றில் காற்றுருளைகளை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குவதை ஒரு கலையாகவே பழகுகிறவர்கள் உண்டு. அவர்கள் கண்டறிந்தவையும், உயிரைக் கொடுத்துக் கற்றவையும் நம் பாறைக்குழிகளுக்கும் பெரும்பாலும் பொருந்துகின்றன. நான் வேல்ஸுக்குப் போனதில்லை. கிணற்றுப் படியைப் பிடித்துக்கொண்டு காலை அடிப்பதற்கு மேல் எனக்கு நீச்சலும் தெரியாது. ஆனால் இதில் உள்ள இயற்பியல் முழுவதும் மேல்நிலைப் பள்ளிப் பாடநூலில் இருப்பதுதான்.

சேறு சிலேட்டான கதை

ஒன்றாம் வகுப்பில் கோவை இலையால் சிலேட்டைத் துடைத்த அனுபவம் வாசகர்கள் பலருக்கும் இருக்கும். நம் நாட்டுப் பள்ளிச் சிலேட்டுகளில் பெரும்பகுதி ஆந்திரத்தின் மார்க்காபூர் வட்டாரத்தில் வெட்டி எடுத்த கல்லால் ஆனது. வேல்ஸ் நாட்டுக் கல் எழுதுவதற்கும் பயன்பட்டது என்றாலும், அதன் முதன்மையான வேலை கூரை வேய்வது.

சிலேட்டு முதலில் கடலடிச் சேறாக இருந்தது. வட வேல்ஸின் சிலேட்டுச் சேறு படிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. பின்னர் நிலப்பகுதிகள் ஒன்றையொன்று நெருக்கி மலைகள் எழும்பியபோது அந்தச் சேற்றுப்பாறை பக்கவாட்டில் நசுக்கப்பட்டது. சப்பாத்தி மாவில் அவலைக் கலந்து, இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். தாறுமாறாகக் கிடந்த அவல்கள் எல்லாம் உள்ளங்கைக்கு இணையாகத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அப்படியே அபிரகம் போன்ற தகட்டுக் கனிமங்கள் அழுத்தத்துக்குச் செங்குத்தான தளத்தில் அணிவகுத்தன. அதனால்தான் சிலேட்டை உளியால் தட்டினால் அப்பளம் போல் பிளக்கிறது. சேறு எந்த அடுக்குகளாகப் படிந்ததோ அந்த அடுக்கில் அது பிளப்பதில்லை. எந்தத் திசையில் நசுக்கப்பட்டதோ அதைப் பொறுத்தே பிளக்கிறது. நசுக்கியது பக்கவாட்டில் என்பதால், வேல்ஸில் இந்தப் பிளவுத் தளங்கள் பல இடங்களில் ஏறத்தாழ நெட்டுக்குத்தாக நிற்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1898ஆம் ஆண்டளவில் வேல்ஸ் சிலேட்டுத் தொழிலில் சுமார் 17,000 பேர் உழைத்தார்கள்; ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன்னுக்கு மேல் சிலேட்டு வெளியேறியது. ஒரு டன் நல்ல சிலேட்டுக்குக் குறைந்தது 10 டன் கழிவுக்கல். கூரைச் சிலேட்டின் அளவுகளுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் வேடிக்கையானவை: 24 அங்குலத்துக்கு 12 அங்குலம் 'டச்சஸ்', 20க்கு 10 'கவுன்டஸ்', 16க்கு 8 'லேடி'. பிரபுக் குலத்துச் சீமாட்டிகளை அந்தஸ்துப்படி அளவெடுத்துக் கூரையில் ஏற்றிவிட்டார்கள்! பின்னர் ஓடுகளும் மலிவான மாற்றுப் பொருள்களும் வந்தன, தொழில் சரிந்தது. லான்பெரிஸ் என்ற ஊருக்கு அருகில் இருந்த பெரிய டினார்விக் சுரங்கம் 1969இல் மூடப்பட்டது. அதற்குத் தென்மேற்கே நாண்ட்லெ பள்ளத்தாக்கில் இருந்த டொரதியா சுரங்கம் 1970இல் மூடப்பட்டது. 2021இல் யுனெஸ்கோ இந்தச் சிலேட்டு நிலப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நீர் எங்கிருந்து வந்தது?

மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய சுரங்கத்தில் மழைநீர் தானே வழிந்து ஓடிவிடும். டொரதியா பள்ளத்தாக்கின் தரையிலேயே கீழ்நோக்கித் தோண்டிய குழி. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டுகிற எந்தக் குழியும் ஒரு கிணறுதான். 1884இல் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் சிலர் மாண்டார்கள். 1904இல், கார்ன்வால் தகரச் சுரங்கங்களில் பயன்பட்டது போன்ற பெரிய நீராவி இறைப்பு எந்திரம் ஒன்றை வாங்கினார்கள். 1951 வரை அது நீரை இறைத்தது. பிறகு மின் மோட்டார்கள் அந்த வேலையை ஏற்றன. 1970இல் மோட்டார்களும் நின்றன. அதன்பின் பாறை வெடிப்புகளின் வழியே கசிந்த நீரும் மழைநீரும் ஆண்டுக்கணக்கில் ஏறி, உள்ளே வருகிற நீரும் வழிந்தோடுகிற நீரும் சமமாகும் மட்டத்தில் நின்றன. இன்று அதன் ஆழம் 100 மீட்டருக்கு மேல். முப்பது மாடிக் கட்டடத்தை நிறுத்தினாலும் உச்சி வெளியே தெரியாது.

ஏற வேண்டியது நீர் மட்டுமே. மற்றவை இருந்த இடத்திலேயே இருந்தன. குழியின் ஓரங்களில் முளைத்திருந்த மரங்கள் நின்ற நிலையிலேயே மூழ்கின. சிலேட்டுக் கல்லால் கட்டிய கொட்டகைகள், கிடங்குகளை இணைத்த குகைப் பாதைகள் எல்லாம் நீருக்கடியில் அப்படியே இருக்கின்றன. இவற்றைப் பார்க்கத்தான் முக்குளிப்பவர்கள் இறங்குகிறார்கள். இலையுதிர்ந்த மரத்தின் கிளைகளுக்கு நடுவே பறவையைப் போல் மிதந்து செல்வது எப்படிப்பட்ட அனுபவம் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அலை இல்லை, நீரோட்டம் இல்லை, சுறா இல்லை. கடலோடு ஒப்பிட்டால் இதைவிடப் பாதுகாப்பான நீர் வேறு இல்லை என்று தோன்றும். ஆனால் 1994க்கும் 2004க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் டொரதியாவில் மட்டும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பயிற்சி பெற்றவர்களும் உண்டு.

குழியின் வடிவம்

இங்கே அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறோம். இயற்கையான ஏரிக்கோ நம் ஊர்க் குளத்துக்கோ கரை உண்டு. கரை என்றால் நிலத்தின் விளிம்பு மட்டும் அன்று. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று மெல்ல ஆழமாகும் சரிவு. ஆழத்துக்குப் போகிறவனுக்கு அது எச்சரிக்கை தருகிறது. களைத்துத் திரும்புகிறவனுக்குக் காலூன்ற இடம் தருகிறது. கிணற்றில்கூடப் படிக்கட்டு உண்டு. சுரங்கக் குழிக்கு இவற்றில் எதுவும் இல்லை.

ஏன் இல்லை? முன்பு சொன்ன பிளவுத் தளங்களை நினைவுகூருங்கள். சிலேட்டு நெட்டுக்குத்தாகப் பிளப்பதால் சுவரும் நெட்டுக்குத்தாகவே நின்றது. வெட்டிய கல்லை மேலே கொண்டுவரச் சரிவுப் பாதையும் தேவைப்படவில்லை. குழியின் குறுக்கே மேலே எஃகுக் கயிறு கட்டி, அதில் ஓடும் தொங்கு உருளையால் கல்லை நேரே தூக்கினார்கள். 1859இல் நயாகராவின் குறுக்கே கயிற்றில் நடந்த பிளான்டினின் பெயரையே அந்தக் கருவிக்கு வைத்தார்கள். இப்படிச் சரிவே இல்லாத பள்ளம் உருவாயிற்று. நம் கருங்கல் குழிகளின் காரணம் வேறு: அங்கே வெடி வைத்துத் தகர்ப்பதால் சுவர் நேராக நிற்கிறது. லாரி இறங்கிய பாதை ஒரு பக்கம் இருந்தாலும் மற்ற மூன்று பக்கங்களும் சுவர்தான். கையைச் சுவரில் வைத்தால் பாசி வழுக்கும்.

டினார்விக் சுரங்கத்தின் ஒரு பகுதியான விவியன் குழியை இதோடு ஒப்பிடலாம். அதன் ஆழம் 18 மீட்டர் அளவே. பல ஆண்டுகள் அது முக்குளிப்புப் பயிற்சிக் களமாக இருந்தது. தவறி விழுந்தாலும் 18 மீட்டரில் தரை தாங்கும். டொரதியாவின் நடுவில் தவறினால் 100 மீட்டர் வரை தாங்க ஒன்றும் இல்லை. இதன் முழுப் பொருளும் விளங்க, நீர் அழுத்தத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

கீழே போகப் போகக் கனக்கும் உடல்

ஒவ்வொரு 10 மீட்டர் நீரும் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டுகிறது. மேலே ஏற்கெனவே காற்றின் அழுத்தம் 1. ஆகவே 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4, 100 மீட்டரில் 11 வளிமண்டலம். பாயில் விதிப்படி வாயுவின் பருமன் இதே விகிதத்தில் சுருங்கும்.

நெஞ்சு நிறைய மூச்சிழுத்த மனிதன் நீரைவிடச் சற்றே இலேசானவன். தோராயமாக 2 கிலோகிராம் அளவுக்கு நீர் அவனை மேலே உந்தும். நுரையீரலில் 6 லிட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் அது 3 லிட்டராகிவிடும். உடல் இடம்பெயர்க்கும் நீர் 3 லிட்டர் குறைகிறது. அதாவது மேல்நோக்கிய உந்துவிசை 3 கிலோ குறைகிறது. முன்பு 2 கிலோ மேலே தள்ளிய அதே நீர், இப்போது அவனை 1 கிலோ எடையோடு கீழே விட்டுவிடுகிறது. ஆள் மாறவில்லை, நீர் மாறவில்லை, மிதந்தவன் மூழ்குகிறான். பதற்றத்தில் மூச்சை விட்டுவிட்டாலோ 10 மீட்டர்கூட வேண்டியதில்லை.

குளிருக்காக முக்குளிப்பவர்கள் அணியும் ரப்பர் நுரை உடையில் இது இன்னும் கடுமை. நுரைக்குள் 6 லிட்டர் வாயு இருந்தால் 30 மீட்டரில் அது 1.5 லிட்டர். நாலரைக் கிலோ கல்லை இடுப்பில் கட்டியதற்குச் சமம். கீழே போனால் உடை சுருங்கும், சுருங்கினால் கனக்கும், கனத்தால் மேலும் கீழே போவான். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வினை இது. கடலோரத்தில் 20 மீட்டரில் மணல் தரை வந்து இந்தச் சங்கிலியை அறுத்துவிடும். நெட்டுக்குத்துச் சுவரை ஒட்டி இறங்குகிறவனுக்கு அறுக்க ஒன்றும் இல்லை. காற்றடைத்த மிதவைச் சட்டை இதற்காகத்தான் இருக்கிறது. அதன் பொத்தானை அழுத்தும் அளவுக்கு அறிவு தெளிவாக இருக்க வேண்டும் என்பதே சிக்கல்.

இந்த இடத்தில் ஒரு சினிமாச் சங்கதி. எதிரிகளிடமிருந்து தப்பிய கதாநாயகன் குளத்தடியில் தாமரைத் தண்டின் வழியே மூச்சு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் நீர் மார்பின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 1 டன் எடையோடு அழுத்தும். மார்புப் பரப்பு அதில் பத்தில் ஒரு பங்கு என்றாலும் 100 கிலோ மூட்டையைத் தாங்கிக்கொண்டு மூச்சிழுக்க வேண்டும். ஒரு மீட்டரில் கதாநாயகனாலும் முடியாது. 1943இல் பிரான்சின் கூஸ்டோவும் காக்னானும் உருவாக்கிய மூச்சுக் கருவியின் சிறப்பே, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருவதுதான்.

அதற்கு ஒரு விலை உண்டு. 12 லிட்டர் உருளையில் 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த காற்று, வெளியே விட்டால் 2,400 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவனுக்கு அது மேலே 2 மணி நேரம் வரும். 50 மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் ஆறு மடங்கு காற்றை விழுங்கும், 20 நிமிடம்தான். 100 மீட்டரில் 11 நிமிடம்கூட வராது. பயந்தவன் இரு மடங்கு மூச்சு விடுவான். அப்போது கணக்கும் பாதியாகும்.

காற்றே பகையாவது

சுமார் 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் மூளையை மயக்கத் தொடங்குகிறது. மேலே ஒன்றும் செய்யாத அதே நைட்ரஜன்தான். மயக்கத்துக்குக் காரணம் நைட்ரஜன் என்று 1935இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் பென்கேயும் அவருடைய துணைவர்களும் எடுத்துக்காட்டினார்கள். மயங்கியவனுக்குத் தான் மயங்கியது தெரியாது. தெளிவாக இருப்பதாகவே நினைப்பான். மது அருந்தியவனும் அப்படித்தானே?

இன்னும் கீழே போனால் ஆக்சிஜனும் பகையாகிறது. அதிக அழுத்தத்தில் ஆக்சிஜன் நஞ்சு என்பதை 1878இலேயே பிரெஞ்சு அறிஞர் பால் பெர் எழுதிவைத்தார். ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் 1.6 வளிமண்டலத்தைத் தாண்டினால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. காற்றில் அது 21 சதவிகிதம். கணக்கிட்டால் சுமார் 66 மீட்டர் ஆழத்தில் அந்த எல்லை வந்துவிடும். டொரதியாவின் அடித்தரைக்கு அது மூன்றில் இரண்டு பங்குத் தூரம்தான். அதனால் அந்த ஆழத்துக்குப் போகிறவர்கள் ஹீலியம் கலந்த வாயுவைக் கொண்டுபோகிறார்கள்.

மேலே வருவதும் எளிதன்று. கோலி சோடாவைத் திறக்கும்போது குமிழ்கள் பொங்குகின்றன அல்லவா? அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் குறைந்ததும் வெளியேறுகிறது. ஆழத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜனும் அப்படியே. விரைந்து மேலேறினால் மூட்டுகளிலும் நரம்புகளிலும் குமிழ்கள் உண்டாகி வலியும் முடக்கமும் வரும். ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் தம் துணைவர்களோடு ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று நின்று ஏறவேண்டும் என்ற அட்டவணையை 1908இல் வெளியிட்டார். காற்று தீர்ந்துபோனவனால் நின்று நின்று ஏற முடியாது. முன்பு போட்ட 11 நிமிடக் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு சாண்

என்னை மிகவும் ஈர்த்த செய்தி வேறொன்று. சுரங்கக் குழிகளில் நீர் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். ஆறு எதுவும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. உரச்சத்து குறைவு என்பதால் பாசியும் குறைவு. ஆனால் அடித்தரையிலும் படிகளிலும் குகைப் பாதைகளிலும், கல்லைப் பிளந்தபோது உதிர்ந்த சிலேட்டுத் தூள் முகத்துக்குப் பூசும் மாவைப் போல் படிந்திருக்கிறது. துடுப்புக் காலணியை ஒரு முறை அசைத்தால் போதும், தூள் எழும்பிவிடும். சில நொடிகளில் தன் கையே தனக்குத் தெரியாது. விளக்கைப் போட்டால், மூடுபனியில் காரின் முகப்பு விளக்கைப் போட்டது போல் வெண்திரை ஒன்று எதிரே நிற்கும்.

தூள் எப்போது அடங்கும்? ஸ்டோக்ஸ் 1851இல் தந்த சூத்திரம் இதற்கு விடை சொல்கிறது. நீரில் விழும் சிறு துகளின் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும், நீரின் பாகியலுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். சிலேட்டின் அடர்த்தி நீரைப் போல் 2.75 மடங்கு. துகளின் விட்டம் 2 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 5 டிகிரி குளிர்ந்த நீரின் பாகியல் நம் வகுப்பறை நீரைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். எண்களை இட்டுப் பார்த்தால், துகள் ஒரு நாளைக்குச் சுமார் 22 சென்டிமீட்டர் கீழே இறங்கும். ஒரு நாளைக்கு ஒரு சாண்! தட்டையான துகள் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். ஓர் ஆள் உயரத்துக்குத் தூள் எழும்பினால் நுண்ணிய பகுதி அடங்க ஒரு வாரமாவது வேண்டும். முக்குளிப்பவனின் முதுகில் இருப்பது சில நிமிடக் காற்று.

எனவே மூழ்கிய குகைப் பாதைக்குள் நுழைகிறவர்கள் வாசலிலிருந்து ஒரு நூலைக் கட்டி அவிழ்த்துக்கொண்டே போக வேண்டும். கண் போனாலும் விரல்கள் நூலைப் பிடித்துக்கொண்டு திரும்பலாம். காற்றில் மூன்றில் ஒரு பங்கைப் போவதற்கும் இன்னொரு பங்கைத் திரும்புவதற்கும் வைத்து, மீதியைத் தொடாமல் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் விதி. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஹாட்ஜ் குளோஸ் என்ற சிலேட்டுக் குழி இருக்கிறது. அதன் பாறை வளைவுகளும் நீரில் விழும் பிம்பமும் சேர்ந்த நிழற்படத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் மண்டையோடு போல் தெரியும். அங்கும் நீருக்கடியில் குகைப் பாதைகள் உண்டு. அங்கும் உயிர்கள் போயிருக்கின்றன.

குளிர்

நீரின் அடர்த்தி 4 டிகிரியில் உச்சம் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். வேல்ஸின் ஆழ்குழிகளில் குளிர்காலத்தில் கனத்து இறங்கிய நீர் கோடையிலும் அடியிலேயே தங்கிவிடும். மேலே வெயில் பட்ட நீர் 16, 17 டிகிரியில் இருக்கும்போதும் ஆழத்தில் 5, 6 டிகிரிதான். இரண்டையும் கலக்க நீரோட்டமும் இல்லை. சுவர்கள் காற்றைத் தடுப்பதால் அலையும் இல்லை. நீர் காற்றைவிட 24 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். திடீரென்று குளிர்நீரில் விழுந்தவன் தன்னை அறியாமல் வாயைத் திறந்து மூச்சை இழுப்பான். அந்த முதல் மூச்சு நீருக்கடியில் அமைந்துவிட்டால் நீச்சல் திறமைக்கு வேலையே இல்லை.

நம் ஊர்க் குழிகளின் அடியிலும் 4 டிகிரி என்று சில மாணவர்கள் நினைக்கிறார்கள், அது தவறு. நம் குழியின் அடிநீர் மார்கழி, தை மாதக் குளிரை நினைவில் வைத்திருக்கும், அவ்வளவுதான். மே மாதத்தில் மேல்நீர் இளஞ்சூடாக இருக்க, சில மீட்டர் கீழே நீர் சட்டென்று குளிரும். வேல்ஸ் அளவுக்கு அது கொல்லாது. ஆனால் எதிர்பாராதவனைத் திகைக்க வைக்கும்.

இப்போது அந்தப் பையனின் நண்பனுக்கு என்ன நடந்திருக்கலாம் என்று கணக்கிடலாம். 15 மீட்டர் உயர விளிம்பிலிருந்து குதித்தால் நீரைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீட்டர். அந்த வேகம் ஆளைப் பல மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும். மோதியதில் மூச்சில் பாதி வெளியேறிவிட்டால் நீர் அவனை மேலே தூக்காது. தானே அடித்து ஏற வேண்டும். ஏறி வந்து சுவரைப் பிடித்தால் வழுக்குகிறது. கிணற்றில் பழகியவனுக்கு நான்கு கை வீச்சில் படி வந்துவிடும். அவன் உடல் கற்றிருந்தது அந்தத் தூரத்தைத்தான். பாறைக்குழியின் அகலமோ கிணற்றைப் போல் பத்து மடங்கு. அவனுக்கு நீச்சல் தெரிந்திருந்தது. திரும்பி வந்து நிற்க இடம் இல்லை.

அன்று அவனைக் காப்பாற்ற இன்னொருவன் குதித்தானாம். அவனைக் கயிறு போட்டு மீட்டிருக்கிறார்கள். குதிப்பதற்கு முன் ஒரு சிறு கணக்கு. மனித உடல் நீரில் கிட்டத்தட்ட எடையற்றது. தலையை மட்டும் நீருக்கு மேலே வைத்திருக்க வேண்டிய விசை 4 அல்லது 5 கிலோகிராம்தான். மூடியை இறுக்கிய 10 லிட்டர் காலிப் பிளாஸ்டிக் கேன் ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி 10 கிலோவைத் தாங்கும். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில்கள் மூன்றைச் சேர்த்துக் கட்டினால் 6 கிலோ. அதில் ஒரு கயிற்றையோ, முடிச்சிட்ட வேட்டிகளையோ கட்டி மேலே நின்றபடியே வீசலாம். கேள்வி கேட்ட பையனிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தேன். அடுத்த வாரம் தன் அப்பாவைப் படியில் நிற்க வைத்துவிட்டு ஊர்க் கிணற்றில் சோதித்துப் பார்த்திருக்கிறான். 5 லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டபோது, கையையும் காலையும் அசைக்காமலே வாய் நீர்மட்டத்துக்கு மேலே நின்றதாம்.